திறந்த மூளையிலிருந்து பேச்சைப் படிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "மூளை ஆபரேஷன் நடக்கும்போதே நோயாளியை விழிக்கவைத்துப் பேசச் சொல்கிறார்களாம். அவர் என்ன பேசுகிறார் என்பதை மூளையிலிருந்தே கணினி படித்துவிடுகிறதாம். இது உண்மையா? அப்படியானால் நாம் மனதில் நினைப்பதையும் படித்துவிடுமா? பக்கவாதம் வந்து பேச்சை இழந்த என் சித்தப்பாவுக்கு இதனால் ஏதாவது வழி பிறக்குமா?"

உண்மைதான். ஆனால் "படித்துவிடுகிறது" என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். கணினி பிடிப்பது, மூளை அந்த நேரத்தில் உதட்டுக்கும் நாக்குக்கும் தாடைக்கும் குரல்வளைக்கும் போடுகிற உத்தரவுகளை. எண்ணம் என்று நாம் சொல்வது அதற்கு வெகுதூரம் முன்னால் இருக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் இல்லை, மின் சிக்னல்களோடு மல்லுக்கட்டும் ஆள். அதனால் சிக்னல் பற்றிய பகுதி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனில் விழிக்கவைப்பது ஆராய்ச்சிக்காக அல்ல. பேச்சுக்குத் தேவையான பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால், எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து, பேச்சு இங்கேதான் இருக்கிறது என்று கோடு கிழித்துவிட முடியாது. சியாட்டிலில் ஜார்ஜ் ஓஜெமனும் அவர் குழுவும் 117 நோயாளிகளிடம் எடுத்த வரைபடங்களைத் தொகுத்து 1989-ல் வெளியிட்டார்கள். பேச்சுக்கு முக்கியமான இடங்கள் ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறியிருந்தன. பேச்சுக்கும் மொழிக்குமான இடங்கள் என்று பாடப்புத்தகத்தில் வட்டம் போட்டுக் காட்டும் புரோக்கா பகுதி, வெர்னிக்கி பகுதி எல்லாம் சராசரிக் கணக்குதான். உங்கள் மூளையில் அது எங்கே என்பதை உங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலிக்காதா? மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலிப்பது தலைத்தோலும், மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த சவ்வும். தலைத்தோலின் நரம்புகளுக்குப் பல் பிடுங்கும்போது போடுவதைப் போன்ற மரத்துப்போகும் ஊசிகளைப் போட்டுவிடுவார்கள். பல இடங்களில் மண்டையோட்டைத் திறக்கும்வரை நோயாளியைத் தூங்கவைத்து, திறந்த பிறகு மருந்தைக் குறைத்து எழுப்பி, மூடும்போது மறுபடி தூங்கவைப்பார்கள்.

எழுந்ததும் கண்முன் ஒரு திரையில் படங்கள் வரும். நாற்காலி, யானை, குடை. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல வேண்டும். அதே நேரத்தில் மருத்துவர் இரட்டை முனை கொண்ட ஒரு கருவியால் மூளையின் மேற்பரப்பைத் தொட்டுச் சில மில்லி ஆம்பியர் மின்சாரம் பாய்ச்சுவார். பேச்சுக்குத் தேவையான புள்ளியாக இருந்தால் பேச்சு அப்படியே நின்றுவிடும். அல்லது, குடை என்று தெரியும், எதற்குப் பயன்படுகிறது என்பதும் தெரியும், பெயர் மட்டும் வாயில் வராது. மின்சாரத்தை எடுத்ததும் "குடை" என்று வந்து விழும். அந்த இடத்தில் எண் எழுதிய ஒரு சின்னச் சீட்டை வைப்பார்கள். அங்கே கத்தி போகாது. சில சமயம் இந்த மின்சாரமே வலிப்பைக் கிளப்பிவிடும். அதற்குக் குளிரவைத்த உப்புக் கரைசல் கையருகே தயாராக இருக்கும். மூளைமேல் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். 1934-ல் மான்ட்ரியாலில் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்டு காலத்திலிருந்து இந்த முறை செப்பனிடப்பட்டு வந்திருக்கிறது. இந்தியாவிலும் பெரிய நரம்பியல் மையங்களில் செய்கிறார்கள்.

கவனியுங்கள், இதுவரை சொன்னதில் மூளையிலிருந்து யாரும் எதையும் படிக்கவில்லை. மின்சாரம் உள்ளே போகிறது, பேச்சு தடைபடுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, எந்த அறையில் விளக்கு அணைகிறது என்று பார்ப்பதைப் போன்ற வேலை இது. பேச்சைப் படிப்பது என்றால் ஃபியூஸைத் தொடாமல், எந்தக் கம்பியில் எந்த நொடியில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

அளப்பதற்கு மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பதித்த மெல்லிய தாள் ஒன்றை விரிக்கிறார்கள். தலைக்கு வெளியே ஒட்டவைக்கிற இஇஜி போதாதா என்று கேட்கலாம். மண்டையோட்டைத் தாண்டி வரும்போது சிக்னல் மங்கிக் கலங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, பேசும்போது முகத்திலும் தாடையிலும் இருக்கிற தசைகள் தாங்களே மின்சாரத்தைக் கிளப்புகின்றன. அது மூளை சிக்னலைவிடப் பல மடங்கு பெரியது. நாதஸ்வரமும் தவிலும் முழங்குகிற மண்டபத்துக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இரண்டு பேர் கிசுகிசுப்பதைக் கேட்க முயல்வதைப் போல. தொப்பி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டால் பேச நினைத்தது திரையில் வரும் என்று யாராவது விற்க வந்தால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூளையின் மேலேயே மின்முனை இருந்தால், நொடிக்குச் சுமார் 70 முதல் 150 தடவை அதிரும் ஒரு அலைவரிசை தெளிவாகக் கிடைக்கிறது. அந்த இடத்து நியூரான்கள் (மூளையின் நரம்பு செல்கள்) மும்முரமாக வேலை செய்யும்போது இந்த அலை வலுக்கும், ஓய்ந்தால் தணியும். பேச்சைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது இதைத்தான்.

சரி, அதில் என்ன தெரிகிறது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் எட்வர்ட் சாங் என்ற அறுவை மருத்துவரின் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். வலிப்பு நோய் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க மூளைமேல் மின்முனைகள் வைக்கப்பட்ட மூன்று நோயாளிகளை எளிய அசைகளைச் சொல்லச் சொன்னார்கள். நெற்றிப்பொட்டுக்குச் சற்றுப் பின்னால், தசைகளை அசைக்க உத்தரவு போடும் இயக்கப் புறணி என்ற மூளையின் மேலடுக்கில், உதட்டுக்கு ஓர் இடம், நாக்குக்கு ஓர் இடம், தாடைக்கும் குரல்வளைக்கும் தனித்தனி இடம் என்று செயல்பாடு பிரிந்து தெரிந்தது. ஓர் அசையைச் சொல்லும் நூறு இருநூறு மில்லி நொடிக்குள் இந்த இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில நேரம் ஒன்றோடொன்று மேவி, எழுந்து அடங்கின.

நம் வாயில் வைத்தே இதைப் பார்க்கலாம். "பா", "மா" என்று சொல்லிப் பாருங்கள், உதடு மூடித் திறக்கிறது. "தா" என்றால் நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது. "டா" என்றால் நுனி மேலே வளைகிறது. "கா" என்றால் நாக்கின் பின்பகுதி எழும்புகிறது. ஒலிகளைப் பிறக்கும் இடத்தை வைத்து வகைப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியலே அதற்குத்தான் இருக்கிறது: இதழ், பல், நா, அண்ணம், மூக்கு என்று. மூளையின் இயக்கப் புறணியும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் ஒலிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. (இதை வைத்து "அன்றே மூளையைப் படித்த தமிழன்" என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள். வாயை உற்றுக் கவனித்தார்கள், சரியாகக் கவனித்தார்கள். அதுவே போதுமான பெருமை.)

ஆக, கணினிக்குக் கிடைப்பது சொல் அல்ல, வாயின் நாட்டியம். உதடு மூடியது, குரல் நாண் அதிர்ந்தது, மூக்கு வழி திறந்தது என்று தெரிந்தால் அது "ம". அடுத்தது வாய் அகலத் திறந்தால் "மா". இப்படி ஒலிகளைக் கோத்துச் சொல்லுக்கு வருகிறார்கள். அதே குழு 2019-ல் இன்னொரு படி போனது. மூளை சிக்னலிலிருந்து நேராகக் குரலை உருவாக்குவதைவிட, முதலில் உதடும் நாக்கும் எப்படி அசைந்திருக்கும் என்று கணித்து, அந்த அசைவிலிருந்து குரலைச் செயற்கையாக உருவாக்கினால் தெளிவு கூடுகிறது என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கோபாலா அனுமாஞ்சிபள்ளி, பேச்சுத் தொழில்நுட்பத்திலிருந்து மூளைப் பக்கம் வந்தவர். வாயசைத்து, குரலே எழுப்பாமல் வாக்கியத்தைச் சொன்னபோதும் ஓரளவு பேச்சை மீட்க முடிந்தது.

இப்போது ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்புவோம். மேலே சொன்னவை வலிப்பு நோய் வார்டில், நோயாளி கட்டிலில் நாள் கணக்கில் படுத்திருக்கும்போது நிதானமாக எடுத்த தரவுகள். தியேட்டரில் அந்தச் சொகுசு கிடையாது. டியூக் பல்கலைக்கழகத்தில் கிரெகரி கோகன், ஜோனதன் விவென்டி ஆகியோரின் குழு 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். முதல் ஆசிரியர் பெயர் நமக்குக் கேட்டுப் பழகிய வகை: சுசீந்திரகுமார் துரைவேல். நான்கு நோயாளிகள். பார்க்கின்சன் நோய்க்கு மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்த வந்தவர்களும் கட்டி எடுக்க வந்தவரும். அந்த ஆபரேஷனுக்கு நடுவே ஆராய்ச்சிக்குக் கிடைத்தது சுமார் 15 நிமிடம். கார்ப் பந்தயத்தில் ஓரம் கட்டியதும் நான்கு பேர் ஓடிவந்து டயர் மாற்றிவிட்டு ஓடுவார்களே, அப்படி ஒரு அவசரம்.

அந்தக் குழுவின் கைவரிசை மின்முனைத் தாளில் இருந்தது. வழக்கமான தாளில் மின்முனைகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கும். இவர்கள் அஞ்சல்தலை அளவுள்ள நெகிழ்வான பிளாஸ்டிக்கில் 256 வரை நுண் மின்முனைகளை அடைத்தார்கள். நெருக்கம் 57 மடங்கு கூடியது. இரைச்சலுக்கு எதிரான சிக்னல் வலு 48 சதவீதம் கூடியது. பேச்சைக் கணிக்கும் திறன் 35 சதவீதம் உயர்ந்தது. பக்கத்துப் பக்கத்து நியூரான் கூட்டங்கள் வெவ்வேறு வேலை செய்யும்போது, பெரிய மின்முனை அவற்றை எல்லாம் சேர்த்துக் குழம்பாக்கிவிடுகிறது. சின்னது பிரித்துக் கேட்கிறது.

நோயாளிகள் சொன்னது வாக்கியம் அல்ல. காதில் "அவா", "குக்", "விப்" என்பதைப் போல அர்த்தமில்லாத ஒரு சொல் ஒலிக்கும், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏன் அர்த்தமில்லாதது? அர்த்தமுள்ள சொல் என்றால் கணினி மொழியறிவை வைத்து ஊகித்துவிடும். "காலை வணக்" என்று வந்தால் மீதியைச் சொல்ல மூளை எதற்கு? அர்த்தமே இல்லாவிட்டால் மூளை சிக்னலை மட்டும் நம்பியாக வேண்டும். இது நேர்மையான பரீட்சை என்பது என் எண்ணம். மொத்தம் 9 ஒலிகள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஒன்பதில் ஒன்று, அதாவது 11 சதவீதம் சரியாகும். கணினி மொத்தத்தில் 40 சதவீதம் அளவுக்குச் சரியாகச் சொன்னது. சொல்லின் தொடக்கத்தில் குரல் அதிரும் "க்" ("தங்கம்" என்பதில் வருவதைப் போன்றது) வந்தால் 84 சதவீதம் வரை போனது. குரல் அதிராத "ப்"பும் குரல் அதிரும் "ப்"பும் ("பம்பரம்" என்பதில் முதல் ப, இரண்டாவது ப போல) அதைக் குழப்பின. நம் எழுத்திலும் இரண்டுக்கும் ஒரே "ப"தானே, கணினியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 40 சதவீதம் என்பது கேட்கச் சப்பென்று இருக்கலாம். ஆனால் கற்றுக்கொள்ளக் கணினிக்குக் கிடைத்தது மொத்தம் 90 நொடிப் பேச்சு. அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு அது ஆச்சரியம்.

ஷாங்காயிலும் விழிப்புநிலை ஆபரேஷனின்போது இதே மாதிரி ஒரு வேலை செய்திருக்கிறார்கள், 2023-ல் வெளிவந்தது. சீன மொழியில் ஒரே அசையைச் சுருதி மாற்றிச் சொன்னால் பொருள் மாறும். அதனால் வாயசைவை மட்டுமல்ல, சுருதியையும் தனியாகப் பிடிக்க வேண்டியிருந்தது. குரல்வளையைக் கட்டுப்படுத்தும் பகுதியிலிருந்து அதையும் எடுத்தார்கள்.

இங்கே சிக்னல்காரனாக ஒரு புலம்பல். நோயாளி சத்தமாகப் பேசுகிறார். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு நொடிக்கு நூற்றுச்சொச்சம். நாம் மூளையில் தேடுவதும் 70 முதல் 150. குரலின் அதிர்வு கேபிளையோ இணைப்பையோ மின்முனையையோ லேசாக ஆட்டினால் போதும், முழுக் கருவியும் ஒரு மைக்காக மாறிவிடும். அப்புறம் கணினி மூளையைப் படிக்கவில்லை, காதால் கேட்டுவிட்டு மூளையைப் படித்ததாகச் சொல்லும். 2020-ல் பிரான்சு ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டிய பிறகு துறையில் பலருக்கும் வயிறு கலங்கியது. இப்போது பதிவான சிக்னலையும் மைக் ஒலியையும் ஒப்பிட்டு, கலப்படம் உள்ள மின்முனைகளைக் கழித்துவிட்டுத்தான் ஒழுங்கான ஆய்வுகள் முடிவைச் சொல்கின்றன. ஒரு ஆய்வு "97 சதவீதம்" என்று சொன்னால் நான் முதலில் தேடுவது இந்தச் சோதனை செய்தார்களா என்பதைத்தான். வாய் பேச முடியாத நோயாளியிடம் எடுத்த முடிவுகளில் இந்தச் சந்தேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சத்தமே இல்லாதபோது மைக் எதைக் கேட்கும்?

மேற்பரப்பில் தாள் விரிப்பதோடு நிற்கவில்லை. முடியைப் போல மெல்லிய நியூரோபிக்சல்ஸ் என்ற ஊசியை, ஆபரேஷன் நேரத்தில் மட்டும், மூளைக்குள் சில மில்லிமீட்டர் இறக்கித் தனித்தனி நியூரான்களின் துடிப்பைப் பதிந்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ குழு, பேச்சைக் கேட்கும் பகுதியில் 8 பேரிடம் 685 நியூரான்களைப் பதிவுசெய்தது. பாஸ்டனில் ஸீவ் வில்லியம்ஸ் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், சொல் வாய்க்கு வருவதற்கு முன்பே அதில் எந்த ஒலிகள் எந்த வரிசையில் வரப்போகின்றன என்பதைக் குறிக்கும் நியூரான்கள் தென்பட்டன. திட்டம் போடும் இடம், உத்தரவு போடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆய்வுகளில் நோயாளிக்கு நேரடியாக எந்த லாபமும் கிடையாது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. தலை திறந்திருக்கிறது, பாதித் தூக்கக் கலக்கம், அந்த நிலையிலும் யாரோ ஒரு பேச்சிழந்த மனிதருக்காகப் பதினைந்து நிமிடம் "குக்", "விப்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சம்மதத்தை ஆபரேஷனுக்கு முன்பே, தெளிந்த மனநிலையில் வாங்கிவிட வேண்டும். நடுவில் அவர் "போதும்" என்றால் நிறுத்திவிட வேண்டும்.

பேச்சிழந்தவர்களுக்கு நிரந்தரமாகப் பொருத்துவது தனி வண்டி, ஆனால் தியேட்டரிலும் வார்டிலும் கற்ற பாடத்தை வைத்தே அது ஓடுகிறது. 2021-ல் சாங் குழு, மூளையை முதுகுத்தண்டோடு இணைக்கும் மூளைத்தண்டில் வந்த பக்கவாதத்தால் பதினைந்து வருடங்களுக்கு மேல் பேச முடியாமல் இருந்த ஒருவருக்கு 128 மின்முனைகள் பொருத்தி, 50 சொற்களை வைத்து நிமிடத்துக்குச் சுமார் 15 சொல் வேகத்தில் வாக்கியங்களை வரவழைத்தது. நான்கில் ஒரு சொல் தப்பு. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு குழு நிமிடத்துக்கு 62 சொல்லையும், சாங் குழு இன்னொரு நோயாளியிடம் 78 சொல்லையும் எட்டின. நாம் அரட்டையடிக்கும் வேகம் 150-க்குப் பக்கம். 2024-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஏஎல்எஸ் என்ற, தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோயால் பேச்சு குழறிப்போன 45 வயதுக்காரர் ஒருவருக்கு மூளைக்குள் 256 மின்முனைகள் வைத்தார்கள். 1,25,000 சொற்களிலிருந்து 97 சதவீதத்துக்கு மேல் சரியாக வந்தது. நோய்க்கு முன்பு பதிவான குரலை வைத்து அவர் குரலிலேயே கணினி அதைப் படித்தது. மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து அதைப் பயன்படுத்தினார்.

இந்த உயரங்களில் மொழி மாதிரி என்ற மென்பொருளின் பங்கு பெரிது என்பதையும் மனதில் வையுங்கள். மூளையிலிருந்து வருவது ஓட்டை விழுந்த ஒலிச் சரம். எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று தெரிந்த மென்பொருள் ஓட்டைகளை அடைக்கிறது. நம் போன் கீபோர்டு செய்வதன் அண்ணன்.

தமிழுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று நான் யோசிப்பதுண்டு. ஒலிகளைப் பிடிக்கும் பகுதி அவ்வளவாகச் சிரமம் தராது. 2021-ல் 50 சொற்களோடு தொடங்கிய, ஸ்பானிஷும் ஆங்கிலமும் தெரிந்த அந்த நோயாளியிடமே 2024-ல் சாங் குழு இரண்டு மொழிகளையும் படித்துக் காட்டியது. வாயசைவு உத்தரவுகள் மொழிகளுக்குள் பெருமளவு பொதுவாக இருந்தன. ழகரத்துக்கு மட்டும் தனியாக உட்கார வேண்டியிருக்கும். சிக்கல் மொழி மாதிரியில்தான். ஆங்கிலத்தில் ஒன்றேகால் லட்சம் சொல் போதும். நாம் "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று ஒரே மூச்சில் ஒட்டிவிடுவோம், பட்டியல் போட்டு மாளாது. அதோடு, கணினிக்குக் கிடைக்கும் தமிழ் பெரும்பாலும் எழுத்துத் தமிழ். படுக்கையில் இருப்பவர் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றா சொல்ல முயல்வார்? "கொஞ்சம் தண்ணி குடு" என்பார். மதுரைக்காரர் ஒரு விதமாக, யாழ்ப்பாணத்தவர் வேறு விதமாக. பேச்சுத் தமிழை யாராவது முறையாகச் சேர்த்து வைத்தால்தான் இது நடக்கும்.

இனி இரண்டாவது கேள்வி: மனதில் நினைப்பதைப் படிக்குமா? நீண்ட காலம் இதற்கு ஆய்வாளர்களின் பதில், "பேச முயன்றால்தான் சிக்னல் வரும், சும்மா நினைத்தால் வராது" என்பதுதான். 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு குழு அந்தப் பதிலைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஏற்கெனவே மின்முனை பொருத்தியிருந்த நான்கு பேரிடம், வாயை அசைக்க முயலாமல் மனதுக்குள் மட்டும் சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். அதே இயக்கப் புறணியில், பேச முயலும்போது தெரிவதைப் போலவே, ஆனால் வலுக் குறைவாக, சிக்னல் தெரிந்தது. சில வாக்கியங்களை எடுக்கவும் முடிந்தது. மனதுக்குள் எண்ணும்போது அந்த எண்களும் லேசாகக் கசிந்தன. அதனால் அவர்களே ஒரு பூட்டும் செய்தார்கள்: பயனர் மனதுக்குள் ஒரு குறிப்பிட்ட கடவுச்சொல்லைச் சொன்னால்தான் கணினி கேட்கத் தொடங்கும்.

இதிலும் கிடைத்தது சொற்களாகக் கோத்த உள்பேச்சுதான். ஒரு முகம் நினைவுக்கு வருவது, ஒருவர்மேல் வரும் எரிச்சல், பசி, இதெல்லாம் சொல்லாக மாறும்வரை அந்தப் புறணியின் கதவைத் தட்டுவதில்லை. தவிர, மண்டையோட்டைத் திறந்து, மின்முனை வைத்து, நீங்கள் மணிக்கணக்காக ஒத்துழைத்துப் பயிற்சி கொடுத்தால்தான் உங்கள் மூளைக்கான மென்பொருள் உருவாகும். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் மனதைப் படிப்பது இன்றைக்கு நடக்காது. ஆனால் மின்முனை பொருத்திக்கொண்டவருக்கு, எது பேச்சு, எது மனதோடு பேசிக்கொள்வது என்ற கோடு எங்கே என்பது நிஜமான கவலை. சட்டம் அதை இப்போதே யோசிக்கலாம்.

உங்கள் சித்தப்பா விஷயம். இங்கே கவனமாகச் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் பேச்சு போவது இரண்டு வகை. ஒன்று, சொல் மூளையில் சரியாக உருவாகிறது, ஆனால் உத்தரவு வாய்க்குப் போகும் வழி அறுந்துவிட்டது. மூளைத்தண்டில் அடைப்பு வந்தால் இப்படி ஆகும். மேலே சொன்ன கருவிகள் எல்லாம் இந்த வகையினருக்கும் ஏஎல்எஸ் நோயாளிகளுக்கும்தான். இன்னொன்று அஃபேசியா: மூளையின் மொழிப் பகுதியே அடிபட்டுவிடுகிறது. சொல் கிடைப்பதில்லை, மாறி வருகிறது, சிலருக்குப் பிறர் சொல்வதும் சரியாகப் புரிவதில்லை. இடப்பக்க மூளையில் அடைப்பு வந்து வலக்கையும் விழுந்தவர்களிடம் இதுவே அதிகம் பார்க்கிறோம். படிக்க வேண்டிய உத்தரவே உருவாகாதபோது கருவி எதைப் படிக்கும்? இந்த வகைக்கு இப்போதைக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் விடை இல்லை. பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. முதல் வகையாக இருந்தாலும், இவை இன்னும் ஆராய்ச்சிச் சோதனைகளாகவே நடக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் கட்டத்துக்கு வரவில்லை.

எந்த வகை என்று பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வார். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது: நீங்கள் சொல்வது அவருக்கு முழுதாகப் புரிகிறதா? எழுத முடிந்தால் எழுத்து சரியாக வருகிறதா, அதிலும் சொல் மாறுகிறதா? ஆம், இல்லை என்று தலையசைப்பது நம்பும்படி இருக்கிறதா? இவற்றைக் குறித்துக்கொண்டு போனால் பயிற்சியாளருக்கு உதவியாக இருக்கும். அஃபேசியா என்றால் தொடர்ந்த பேச்சுப் பயிற்சிதான் வழி. மாதங்கள் கடந்த பிறகும் முன்னேற்றம் வருவதுண்டு, "இனி அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

புரிதலும் எழுத்தும் நன்றாக இருந்து வாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை என்றால், மூளைக் கருவிக்குக் காத்திருக்க வேண்டாம். ஓர் அட்டையில் மேலே 12 உயிரெழுத்து, கீழே 18 மெய்யெழுத்து எழுதுங்கள். முதலில் மெய்யை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போங்கள், அவர் கண்ணை மூடித் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு உயிர். "த்", "அ" என்றால் "த". 247 எழுத்தையும் பரப்பி வைக்கத் தேவையில்லை, இரண்டே தாவலில் எந்த எழுத்துக்கும் போய்விடலாம். முதல் இரண்டு எழுத்து வந்ததுமே "தண்ணியா?" என்று நீங்கள் கேட்டுவிடுவீர்கள்.